பைக்குக்குள் ஓர் எக்ஸெல் டேபிள்!

இன்ஜின் மேப்பை மாற்றினால் ஸ்போர்ட்ஸ் பைக்கின் குணம் மாறுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பழகும் சாப்ட்வேர்களில் எக்ஸெலும் ஒன்று. குறுக்கே வரிசைகள், நெடுக்கே பத்திகள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள் ஓர் எண். வீட்டு வரவு செலவு போடவும் பிள்ளைகளின் மார்க்கைக் கூட்டவும் இதைப் பயன்படுத்துகிறோம். இதே போன்ற டேபிள்கள் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பைக்குக்குள்ளும் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

அண்ணாமலை நகர் போன்ற பல்கலைக்கழக ஊரில் மாலை நேரத்தில் டீக்கடைப் பக்கம் போனால், "ரீமேப் பண்ணிட்டேன், வண்டி பறக்குது" என்று மாணவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். ரீமேப் என்றால் என்ன? வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், ஒரு லேப்டாப்பையும் கேபிளையும் மட்டும் வைத்துக்கொண்டு அதன் ஓட்டத்தை எப்படி மாற்ற முடிகிறது? ரேஸ் டிராக்கில் இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பணம் கொடுத்து இதைச் செய்துகொள்வதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இவை எல்லாமே எளிதில் புரியக்கூடிய விஷயங்கள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பைக்குக்குள் ஒரு கம்ப்யூட்டர்

பழைய பைக்குகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். ஊசி, துளை, மிதவை ஆகியவற்றைக் கொண்டு இயங்கும் கருவி அது. அதில் எண்கள் கிடையாது, கணக்கு கிடையாது. கலவையை மாற்ற வேண்டுமானால் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும். அல்லது ஜெட்டைக் கழற்றி வேறு அளவு போட வேண்டும்.

பிறகு பியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. இந்தியாவில் 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எப்.ஐ., 2008-இல் யமஹா ஆர்15 என்று ஒவ்வொன்றாக வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, ஏறக்குறைய எல்லாப் புதிய பைக்குகளிலும் கார்புரேட்டர் விடைபெற்றது. அதன் இடத்துக்கு வந்தது இ.சி.யு. எனப்படும் இன்ஜின் கன்ட்ரோல் யூனிட். இது சீட்டுக்கு அடியிலோ டேங்குக்கு அடியிலோ உட்கார்ந்திருக்கும் சிறிய பெட்டி. உள்ளே புராசஸர் உண்டு, மெமரி உண்டு. சுருங்கச் சொன்னால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான்.

உங்கள் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் மவுஸும் இன்புட் சாதனங்கள். இ.சி.யு.வுக்கு சென்சார்கள் இன்புட். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திருகப்பட்டிருக்கிறது, உள்ளே வரும் காற்றின் அழுத்தமும் சூடும் எவ்வளவு, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, புகையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். உங்களுக்கு மானிட்டரும் பிரிண்டரும் அவுட்புட். இ.சி.யு.வுக்கு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் தீப்பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கும் அவுட்புட்.

வேகத்தைப் பாருங்கள். இன்ஜின் 9,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் ஒரு விநாடிக்கு 150 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீப்பொறி தேவை. அதாவது ஒரே சிலிண்டர் உள்ள பைக்கில் விநாடிக்கு 75 முறை, "எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி" என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பெரிய சமன்பாடுகளை உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. அதனால் விடைகளை முன்கூட்டியே கண்டுபிடித்து டேபிளாக எழுதி மெமரியில் வைத்துவிடுகிறார்கள். இ.சி.யு. செய்வதெல்லாம் சரியான கட்டத்தைத் தேடி எடுப்பதுதான். இந்த டேபிளுக்குத்தான் "மேப்" என்று பெயர்.

மேப் எப்படி இருக்கும்?

எக்ஸெலில் மேல் வரிசையில் ஆக்ஸிலேட்டரின் அளவை எழுதுங்கள்: 0, 10, 20 சதவீதம் என்று 100 வரை. இடது பத்தியில் இன்ஜின் வேகத்தை எழுதுங்கள்: 1,000, 2,000, 3,000 என்று. நடுவில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும், அந்த வேகத்துக்கும் அந்த ஆக்ஸிலேட்டர் அளவுக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று எழுதினால், அது ஒரு பெட்ரோல் மேப்.

சரி, வண்டி 5,500 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது. டேபிளில் 5,000 இருக்கிறது, 6,000 இருக்கிறது. 5,500 இல்லையே, என்ன செய்வது? 5,000-க்கு 4.0 மில்லி விநாடி என்றும் 6,000-க்கு 4.6 மில்லி விநாடி என்றும் வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பதால் 4.3 என்று இ.சி.யு. கணக்கிட்டுக்கொள்ளும். பள்ளியில் லாகரிதம் டேபிளில் இல்லாத எண்ணுக்கு நாம் இடைமதிப்பு பார்த்தோமே, அதே முறைதான்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். பைக்கில் "மேப் சென்சார்" என்று ஒன்று உண்டு. அது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் சுருக்கப் பெயர். நாம் பேசும் மேப் வேறு, அது வேறு. கடைக்காரர் "மேப் சென்சார் போச்சு" என்று சொன்னால் டேபிள் அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஒன்றல்ல, பல மேப்கள்

ஒரு எக்ஸெல் பைலில் பல ஷீட்கள் இருப்பது போல, இ.சி.யு.வுக்குள்ளும் பல மேப்கள் இருக்கும். முக்கியமானவை இவை.

பெட்ரோல் மேப்: ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. சாதாரண ஓட்டத்துக்கு இந்த அளவை ஒட்டிக் கொடுப்பார்கள். முழு வேகத்தில் கூடுதல் சக்திக்காகப் பெட்ரோலைச் சற்று அதிகமாக்கி 12.5 முதல் 13 வரை கொண்டு வருவார்கள். கூடுதல் பெட்ரோல் இன்ஜினின் உள்சூட்டையும் தணிக்கும்.

இக்னிஷன் மேப்: பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு எத்தனை டிகிரி முன்பாகத் தீப்பொறி விழ வேண்டும் என்பதைச் சொல்வது. 9,000 ஆர்.பி.எம்.மில் ஒரு டிகிரி என்பது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் சுமார் 18 பங்கு நேரம். தீப்பொறி தாமதமானால் சக்தி வீணாகும். மிகவும் முந்தினால் இன்ஜினுக்குள் "நாக்கிங்" ஏற்பட்டு, பிஸ்டனில் ஓட்டையே விழலாம்.

திராட்டில் மேப்: புதிய ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் ஆக்ஸிலேட்டருக்கும் காற்றுப் பாதையில் உள்ள தகட்டுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. கையை எவ்வளவு திருகினீர்கள் என்பதை ஒரு சென்சார் சொல்லும். தகட்டை எவ்வளவு திறப்பது என்பதை இ.சி.யு. முடிவு செய்து ஒரு சிறு மோட்டார் மூலம் திறக்கும். இதற்கு ரைடு-பை-வயர் என்று பெயர். உங்கள் கை கேட்பது ஒன்று, தகடு கொடுப்பது ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் இங்கே விசேஷம்.

இன்ஜின் பிரேக்கிங் மேப்: ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடினால் இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுக்கும். அந்த இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் ரேஸ் பைக்குகளில் எண்களாலேயே கட்டுப்படுத்துகிறார்கள்.

இவை தவிரத் திருத்த டேபிள்களும் உண்டு. ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று பத்தில் ஒரு பங்கு மெலிவு. அங்கே தயாரான வண்டி கடலை ஒட்டிய கடலூரிலும் சிதம்பரத்திலும் யாரும் திருப்புளி வைக்காமலேயே சரியாக ஓடுகிறது. ஊட்டிக்கு ஏறினாலும் ஓடுகிறது. காற்றழுத்தத்தை அளந்து, திருத்த டேபிளைப் பார்த்து, பெட்ரோலை இ.சி.யு. கூட்டிக் குறைத்துக்கொள்வதே காரணம்.

ஓசூரில் இருந்து ஓர் உதாரணம்

மேப் எந்த அளவுக்கு வண்டியின் குணத்தை மாற்றும் என்பதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் ஓசூரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. டி.வி.எஸ். நிறுவனமும் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. மோட்டோராடும் 2013-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, 312.2 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினை உருவாக்கின. அந்த இன்ஜினுடன் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 பைக் 2017 டிசம்பரில் வெளிவந்தது. 2020 ஜனவரியில் அதன் பி.எஸ். 6 மாடல் வந்தபோது ரைடு-பை-வயரும் நான்கு மோடுகளும் சேர்ந்து வந்தன: ரெயின், அர்பன், ஸ்போர்ட், டிராக்.

அந்த மாடலுக்கு நிறுவனம் அறிவித்த அளவுகளைப் பாருங்கள்.

ஸ்போர்ட், டிராக் மோடுகளில்: 9,700 ஆர்.பி.எம்.மில் 34 குதிரைத்திறன், 7,700 ஆர்.பி.எம்.மில் 27.3 நியூட்டன் மீட்டர் டார்க்; உச்ச வேகம் 160 கி.மீ.

ரெயின், அர்பன் மோடுகளில்: 7,700 ஆர்.பி.எம்.மில் 25.8 குதிரைத்திறன், 6,700 ஆர்.பி.எம்.மில் 25 நியூட்டன் மீட்டர் டார்க். உச்ச வேகம் 125 கி.மீ.

பிஸ்டன் அதுவே, வால்வு அதுவே, பெட்ரோலும் அதுவே. ஹேண்டிலில் உள்ள பட்டனை அழுத்தி மோடை மாற்றினால் எட்டுக்கும் மேற்பட்ட குதிரைகள் லாயத்துக்குப் போய்விடுகின்றன. மாறியது எண்கள் மட்டுமே.

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போவோம். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். கால்குலேட்டர் புரோகிராமைத் திறந்து போட்டுப் பாருங்கள். ஸ்போர்ட் மோடில் 7,700 ஆர்.பி.எம்.மில் 27.3 பெருக்கல் 7,700 வகுத்தல் 7,024; விடை சுமார் 30 குதிரைத்திறன். அதே 7,700-இல் ரெயின் மோடில் 25.8. அதாவது அந்த இடத்தில் வித்தியாசம் நான்கு குதிரை மட்டுமே. மீதி வித்தியாசம் அதற்கு மேல்தான் உருவாகிறது. ஸ்போர்ட்டில் சக்தி 9,700 வரை ஏறிக்கொண்டே போகிறது. ரெயினில் 7,700-க்கு மேல் சக்தி கூடுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் சாலையில் மழை கொட்டும்போது இந்த அடங்கிய குணம்தான் உயிர்காக்கும். ஆனால் டிராக்கில் அதே குணத்துடன் போனால், நேர்ப்பாதையில் பக்கத்து வண்டிகள் எல்லாம் உங்களைத் தாண்டிப் போய்விடும். ஒரே வண்டி இரண்டு ஊருக்கு இரண்டு குணம் காட்டுகிறது. கூடவே ஏ.பி.எஸ். பிரேக்கும் மோடுக்கு ஏற்ப மாறும். ரெயின் மோடில் அது சீக்கிரம் தலையிடும், டிராக் மோடில் தாமதமாகத் தலையிடும்.

டிராக்கில் என்ன மாறுகிறது?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் சுமார் 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. 1990-இல் இருந்து அங்கே ரேஸ் நடக்கிறது. அதில் ஏதாவது ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். ஒரு வளைவைக் கடக்கும்போது நான்கு கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் மேப்பின் வேறொரு மூலை வேலை செய்கிறது.

முதல் கட்டம், பிரேக் பிடிப்பது. நேர்ப்பாதையின் முடிவில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு பிரேக் பிடிக்கிறீர்கள். வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்சக்கரம் லேசாகிவிடும். அப்போது இன்ஜின் பின்னால் இழுப்பது அதிகமாக இருந்தால் பின்சக்கரம் துள்ளும். இழுப்பு குறைவாக இருந்தால் வண்டி நிற்க மாட்டேன் என்று தள்ளிக்கொண்டே போவது போல இருக்கும்.

இரண்டாம் கட்டம், வண்டியைச் சாய்ப்பது. இப்போது ஆக்ஸிலேட்டர் மூடித்தான் இருக்கிறது. பெட்ரோல் பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருக்கும்.

மூன்றாம் கட்டம்தான் முக்கியமானது. வளைவின் நடுவில், வண்டி முழுவதும் சாய்ந்திருக்கும்போது, ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் அளவு திறக்கிறீர்கள். நிறுத்தியிருந்த பெட்ரோல் மறுபடி வருகிறது. அந்த முதல் சொட்டு திடீரென்று வந்தால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். நேராகப் போகும்போது அது வெறும் எரிச்சல், சாய்ந்திருக்கும்போது ஆபத்து. அந்த நேரத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது டயரின் ஓர் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. வளைவில் வண்டியைப் பிடித்து வைக்கும் வேலையிலேயே அந்த ரப்பர் தன் பிடிமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதற்கு மேல் டார்க் வந்தால் பின்சக்கரம் வழுக்கும்.

நான்காம் கட்டம், வெளியேறுவது. வண்டியை நிமிர்த்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரைக் கூட்டுகிறீர்கள். கை எவ்வளவு திருகுகிறதோ அதற்கு ஏற்ப சக்தி சீராகக் கூட வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் இருந்தால் ஓட்டுபவர் தன்னை அறியாமல் கையை இன்னும் திருகிவிடுவார். பள்ளம் முடிந்ததும் சக்தி ஒரே பாய்ச்சலாக வரும்.

கவனித்தீர்களா? இந்த நான்கு கட்டங்களில் முதல் மூன்றில் உச்ச சக்திக்கு வேலையே இல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் 34 குதிரைத்திறன் என்பது டேபிளின் ஒரு மூலையில் உள்ள ஒரு கட்டத்தின் விளைவு. லேப் நேரத்தை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு, யாரும் விளம்பரம் செய்யாத 0 முதல் 20 சதவீத ஆக்ஸிலேட்டர் பகுதியில் உள்ள கட்டங்களுக்கு உண்டு. அங்கே எண்கள் வழவழப்பாக இருந்தால் ஓட்டுபவருக்கு நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்தால் ஆக்ஸிலேட்டரைச் சற்று முன்னதாகத் திறப்பார். முன்னதாகத் திறந்தால் அடுத்த நேர்ப்பாதை முழுவதும் கூடுதல் வேகம் கிடைக்கும். நல்ல டியூனர் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை குதிரை வேண்டும்?" என்பதாக இருக்காது, "எந்த வளைவில் பயமாக இருக்கிறது?" என்பதாகவே இருக்கும்.

உலக ரேஸ்களில்

மோட்டோ ஜி.பி. போட்டிகளில் 2016 முதல் எல்லா நிறுவனங்களும் மேக்னட்டி மாரெல்லி தயாரித்த ஒரே இ.சி.யு.வையும் ஒரே சாப்ட்வேரையும்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. எல்லோருக்கும் ஒரே எக்ஸெலைக் கொடுத்துவிட்டு, "உள்ளே எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது போல. ஒவ்வொரு டீமும் கியர் வாரியாக, வளைவு வாரியாக மேப் எழுதுகிறது. அதற்கென்றே லேப்டாப்புடன் தனி இன்ஜினியர்கள் கராஜில் உட்கார்ந்திருப்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் எண்களால் எல்லாவற்றையும் சரி செய்துவிட முடியுமா? முடியாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2013, 2014 ஆண்டுகளில் தொடர்ந்து சாம்பியனான மார்க் மார்க்கெஸுக்கு, 2015-இல் ஹோண்டா கொடுத்த பைக்கின் இன்ஜின் மிகவும் முரட்டுத்தனமாக அமைந்துவிட்டது. சீசன் நடுவே இன்ஜினின் உள்பாகங்களை மாற்ற விதி இடம் கொடுக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் மூலம் அடக்கப் பார்த்தார்கள். கடைசியில் பழைய சேஸிஸையும் திரும்பக் கொண்டு வந்தார்கள். அப்படியும் அந்த ஆண்டுப் பட்டம் யமஹாவின் ஜார்ஜ் லொரென்சோவுக்குப் போனது. ஹார்டுவேரில் உள்ள குறையை சாப்ட்வேர் ஓரளவுதான் மறைக்கும் என்பது கம்ப்யூட்டர் உபயோகிப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்லவே!

அதேபோல, 2024-இல் வந்த ஆர்.ஆர். 310 மாடலின் சக்தி 38 குதிரைத்திறனாக உயர்ந்தபோது, மேப்போடு காற்றுப் பாதையும் பிஸ்டனும் சேர்ந்தே மாறின. அதிகக் காற்று உள்ளே போனால்தான் அதிகப் பெட்ரோல் எரியும். காற்று இல்லாத இடத்தில் பெட்ரோலை மட்டும் கூட்டினால் கிடைப்பது கறுப்புப் புகையே.

எக்ஸெலில் செய்து பாருங்கள்

பைக் இல்லாதவர்களும் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம்.

1. புதிய ஷீட்டைத் திறந்து, மூன்று பத்திகளுக்கு "கை", "மழை", "டிராக்" என்று தலைப்பு கொடுங்கள்.

2. "கை" பத்தியில் 0, 10, 20 என்று 100 வரை பதினொரு எண்களை டைப் செய்யுங்கள்.

3. "மழை" பத்தியில் 0, 4, 9, 15, 22, 30, 38, 46, 54, 62, 70 என்று கொடுங்கள்.

4. "டிராக்" பத்தியில் 0, 12, 24, 36, 47, 58, 68, 77, 86, 94, 100 என்று கொடுங்கள். இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். எந்த வண்டியின் மேப்பும் அல்ல.

5. "மழை", "டிராக்" பத்திகளை மவுஸால் தேர்வு செய்து, இன்சர்ட் பகுதியில் சார்ட்டைக் கிளிக் செய்து, லைன் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு கோடுகள் வரும். மழைக் கோடு தாழ்வாக, மெல்ல ஏறும். முழுவதும் திருகினாலும் 70-ஐத் தாண்டாது. டிராக் கோடு ஆரம்பத்திலேயே கை கேட்பதைவிடச் சற்று அதிகமாகக் கொடுக்கும். இரண்டு கோடுகளிலும் எங்கும் உடைப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது டிராக் பத்தியில் நான்காவது எண்ணான 36-ஐ அழித்துவிட்டு 60 என்று டைப் செய்து என்டர் கொடுங்கள். கோட்டில் ஒரு கூர்மையான முனை தெரியும். கையை 20-இல் இருந்து 30-க்குத் திருகினால் தகடு 24-இல் இருந்து 60-க்குப் பாய்கிறது. இன்னும் திருகினால் 47-க்கு இறங்குகிறது! திருகத் திருகச் சக்தி குறைகிறது. திரையில் இது ஒரு சிறு முனை. வளைவில் சாய்ந்திருக்கும் ஒருவருக்கு இது கீழே விழ வைக்கும் எண். ஒரு கட்டத்தில் ஓர் எண் தவறினால் என்ன ஆகும் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் ஸ்பீடுவினோ என்ற ஓப்பன் சோர்ஸ் இ.சி.யு.வைப் பற்றிப் படியுங்கள். ஆர்டுவினோ போர்டை அடிப்படையாகக் கொண்டது இது. இதன் பெட்ரோல் மேப் 16 வரிசை, 16 பத்தி, மொத்தம் 256 கட்டங்கள். டியூனர் ஸ்டுடியோ என்ற சாப்ட்வேரை இறக்கிக்கொண்டால், எந்த ஹார்டுவேரும் இணைக்காமலேயே இப்படிப்பட்ட டேபிள்களைத் திறந்து முப்பரிமாண மலை போலச் சுழற்றிப் பார்க்கலாம். கல்லூரிப் புராஜெக்ட் தேடும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு இது நல்ல களம்.

மேப் மாற்றப் போகிறீர்களா?

மேப்பை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வண்டியின் இ.சி.யு.வில் உள்ள பைலையே எடுத்து, மாற்றி, திரும்ப எழுதுவது. இதற்கு பிளாஷ் செய்வது என்று பெயர். இரண்டு, சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவில் இன்னொரு பெட்டியை மாட்டி, போய் வரும் சிக்னல்களைத் திருத்துவது. இதைப் பிக்கிபேக் என்பார்கள். பெங்களூருவின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய பவர்டிரானிக் இந்த வகை. எந்த வழியானாலும் கீழ்க்கண்டவற்றை மறக்காதீர்கள்.

பேக்கப் எடுங்கள்: முதலில் வண்டியில் இருக்கும் ஒரிஜினல் மேப்பைப் படித்துச் சேமிக்க வேண்டும். இரண்டு இடங்களில் காப்பி வையுங்கள். ஒரிஜினலைச் சேமிக்காமல் மாற்றும் கடைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கரண்ட் போகக்கூடாது: கம்ப்யூட்டரில் பயாஸ் அப்டேட் செய்யும்போது நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டு என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா? இ.சி.யு.வும் அப்படித்தான். லேப்டாப் சார்ஜும் பைக்கின் பேட்டரியும் நிறைவாக இருக்க வேண்டும்.

யாரோ கொடுத்த பைல் வேண்டாம்: "இந்த மேப் போடு, பத்து குதிரை கூடும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பைலை நம்பாதீர்கள். அது எந்த ஊர் வண்டிக்கு, எந்த சைலன்ஸருக்கு, எந்தப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. நம் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. அந்தக் கலவைக்குத் தேவையான காற்று 14.7 அல்ல, சுமார் 13.5 மட்டுமே. அதாவது அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் அதிகப் பெட்ரோல் கொடுக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதை ஓரளவு சரி செய்துவிடும். முழு ஆக்ஸிலேட்டரில் பல வண்டிகள் சென்சாரைக் கேட்பதில்லை, டேபிளை மட்டுமே நம்புகின்றன. பழைய பெட்ரோலுக்கு எழுதிய மேப் அங்கே பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தால் இன்ஜின் கொதிக்கும். இது தவிர, அந்தப் பைலுடன் உங்கள் கம்ப்யூட்டருக்கு வைரஸும் இலவசமாக வரலாம்.

அளக்காமல் மாற்றாதீர்கள்: டைனமோமீட்டரில் வண்டியை ஏற்றி, சக்தியையும் புகையில் உள்ள ஆக்சிஜனையும் அளந்து, ஒவ்வொரு கட்டமாகத் திருத்துவதுதான் டியூனிங். "ஓட்டிப் பார், நல்லா இருக்கா?" என்று கேட்பது டியூனிங் ஆகாது. வேலை முடிந்ததும் மாற்றத்துக்கு முன், பின் என இரண்டு கிராப்களையும் கேட்டு வாங்குங்கள். உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல், கோடு எங்காவது குழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டமும் வாரன்டியும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. புகை அளவு கூடினாலும் சிக்கல். வாரன்டி உள்ள வண்டியில் இ.சி.யு.வைத் தொட்டால் நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். டிராக்குக்கு மட்டும் ஓடும் வண்டியின் கதை வேறு. அங்கே சிக்னல் இல்லை, எதிரே பஸ் இல்லை, குறுக்கே ஆடு இல்லை.

ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு, கம்பெனி கொடுத்த மோடுகளைச் சரியாகப் பயன்படுத்துவதே போதும். மழையில் ரெயின் மோடைப் போடுங்கள். வேகம் பழக வேண்டும் என்ற ஆசை இருந்தால், ரீமேப்புக்குக் கொடுக்கும் பணத்தை இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ நடக்கும் ஒரு நாள் பயிற்சிக்குக் கொடுங்கள். முதல் முறை டிராக்குக்குப் போகிறவருக்கு வண்டியின் மேப்பைவிடக் கையின் மேப்தான் அதிகம் திருந்த வேண்டியிருக்கும். அதை எழுத லேப்டாப் தேவையில்லை, பழக்கம் போதும்.